செத்த மீனின் விலை

என் மனைவி பவளக்கொடி, ஆன்லைன் விளையாட்டில் சேர்த்த பொற்காசுகளை மற்ற ஆட்டக்காரர்களுக்கு ரூபாய்க்கு விற்பவள். அதற்கு அங்கே தடை. அதனால் வாங்குபவர் ரூபாயைத் தனியாக அனுப்பிவிட்டு, விளையாட்டுக்குள் நடக்கும் ஏலத்தில் எதற்கும் உதவாத செத்த மீன்களைப் போடுவார். சந்தேகம் வராதபடி இவள் நாளுக்கொன்றாக அதிக விலைக்கு எடுப்பாள்; காசு அவரிடம் போய்விடும். புது ஆள் ஸ்டீபன், மொத்தக் காசையும் ஒரே மீனுக்கு விலையாகப் போட்டுவிட்டார்.

"அக்கா, பத்து நிமிஷத்துல போர். காசு வரலன்னா கேம்ல என் கோட்டை போயிடும்!" என்று போனில் கத்தினார்.

"எடுக்காத, மாட்டிப்ப. ஒன்பது வருஷ அக்கவுண்ட்டுடி. ரூபாயத் திருப்பிக் குடுத்துடு," என்றேன்.

"ரூபாய வச்சு அங்க சண்டை போடுவாராக்கும்?"

அந்த விலைக்கே மீனை எடுத்தாள். கால் மணி நேரத்தில் விளையாட்டு நிறுவனத்தார் அவள் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். இனி உள்ளே போய்ப் பார்க்க முடியாது.

"அவருக்குப் போன் போடுங்க," என்றாள். "கோட்டை நின்னுச்சான்னு கேளுங்க."