இடது பக்கக் கதவு

"கீறல்ல நகம் மாட்டுதா பாருங்க. மாட்டலைன்னா தேய்ச்சா போயிடும்னு கடைக்காரரு சொன்னாரு இல்ல?" என்றாள் சுவேதா.

அவள் கணவன் எழிலன் காரின் இடது பக்கப் பின் கதவில் நகத்தை வைத்து மெல்ல இழுத்தான். ஒரு முழ நீளத்துக்குக் கீறல். நல்லவேளை, நகம் எங்கும் மாட்டவில்லை.

கார் அவனுடையது இல்லை. பண்ருட்டியில் இருக்கும் அக்கா இளமதியின் கணவர் ஞானசேகரனுடையது. நேற்று சிதம்பரத்தில் நண்பனுக்குக் கல்யாணம். இவன் காரைக் கேட்கக்கூட இல்லை. "குழந்தைய வச்சிக்கிட்டு பஸ்ல ஏன்டா அல்லாடுற, மாமாகிட்ட சொல்லிட்டேன், கார எடுத்துட்டுப் போ" என்று அக்காவே போன் செய்தாள். முந்தாநாள் இருட்டுகிற நேரத்தில் போய், சுவரை ஒட்டி நின்ற காரை அப்படியே எடுத்துக்கொண்டு முதுநகரில் தன் வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று காலை கழுவும்போதுதான் இந்தப் பாழாய்ப்போன கீறல் கண்ணில் பட்டது.

"சிதம்பரத்துல கீழவீதியில நிறுத்தினேன் பாரு, அங்கதான் எவனோ உரசிட்டுப் போயிருக்கான். மாமா கண்டுபிடிச்சா என்னைக் கேக்கமாட்டாரு. அக்காவத்தான் கேப்பாரு."

போன பொங்கலன்று சாம்பார் வாளி கவிழ்ந்ததற்கு இளமதியின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்ததை சுவேதாவும்தான் பார்த்தாள். அந்த மனுஷனுக்குக் கார் என்றால் உயிர். பெண்டாட்டி என்றால் கை நீளும்.

எழிலன் பழைய பனியன் துணியில் பாலிஷ் பசையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தான். அழுத்தினால் பெயிண்டே போய்விடும், அழுத்தாவிட்டால் கீறல் போகாது. அரை மணி நேரத்தில் கீறல் மங்கி, இருந்த இடம் தெரியாமல் போனது. அப்பாடா என்று நிமிர்ந்தவனுக்கு அடுத்த கிலி. அந்தக் கதவு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது, மற்றதெல்லாம் மங்கல்.

"இதுவே காட்டிக்குடுத்துடும் போலருக்கே," என்றாள் சுவேதா.

"முழுக் காரையும் தேய்க்க வேண்டியதுதான். நீ அந்தப் பக்கம் வா."

பாதி தேய்த்திருக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"கார எடுத்துக்க வந்துட்டிருக்கோம்டா, நெல்லிக்குப்பம் தாண்டிட்டோம். காரு... நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்குக்கா."

இருவரும் பேய் பிடித்த மாதிரி தேய்த்தார்கள். கடைசித் துணியை ஒளித்து வைக்கவும் வாசலில் ஆட்டோ நிற்கவும் சரியாக இருந்தது.

ஞானசேகரன் வீட்டுக்குள்கூட வரவில்லை. காரை ஒரு சுற்று சுற்றினார். மறுபடியும் ஒரு சுற்று. இடது பக்கக் கதவருகே நின்று குனிந்தார். எழிலன் பசை படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"என்னடா, கார இப்படிப் பளபளன்னு வச்சிருக்க?"

"சும்மா தொடச்சேன் மாமா."

"பாத்துக்கடி. ஒந்தம்பிக்கு இருக்கிற அக்கறை ஒனக்கு இருக்கா?" என்றபடி ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, காரை ஸ்டார்ட் செய்தார்.

இளமதி ஏறவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். அவள் விரல்கள் பின் கதவில் கீறல் இருந்த அதே இடத்துக்கு நேராகப் போய்த் தடவின.

எழிலன் அவளருகில் குனிந்து கிசுகிசுத்தான். "எப்படிக்கா தெரியும்? சிதம்பரத்துல நிறுத்தினப்ப..."

"சிதம்பரம் இல்லடா. நீ வந்தியே, அன்னிக்குக் காலையில சுவரோரத்துல இருந்து ஸ்கூட்டிய எடுக்கும்போது நான் உரசினது," என்றாள் இளமதி. "நீ பண்ணதுன்னா எனக்கு ஒரு அறையோட போயிடும். நான் பண்ணதுன்னு தெரிஞ்சா அதோட விடமாட்டாருன்னுதான், கார உனக்குக் குடுக்கச் சொன்னேன்."