மூவிலையைக் காணோம்

"மூவிலை எங்கடி போச்சு?"

புஷ்பம் சங்கத்துப் போனை மேசையில் வைத்த சத்தத்திலேயே விஜயகலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற இறப்பர் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு நாளைக்கு வெப்சைட் திறக்கப்போகிறார்கள். செய்தவள் விஜயகலா. சங்கத்துக்குத் தலைவி புஷ்பம். அதைப் பார்க்கத்தான் எட்டுப் பேரும் சங்கத்து அறையில் கூடியிருந்தார்கள்.

முதல் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரே காம்பில் மூன்று இலை, சங்கத்தின் லோகோ, பளிச்சென்று இருந்தது. உள்ளே போனால்தான் கூத்து. ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு லோகோ. சின்னம்மாவின் அச்சாறுக்குச் சீப்பு, கலைச்செல்வியின் கொறுக்காப்புளிக்குக் குடை, விஜயகலாவின் மஞ்சள்தூளுக்கு மீன்.

அதுவும் யார் போட்ட அடையாளம்? லொறியில் ஏற்றும்போது சரக்கு மாறிவிடக்கூடாதென்று, எட்டுப் பேர் வாளியிலும் புஷ்பம் தன் கையால் பெயின்ட் அடித்து வைத்த அடையாளம். அதையே எடுத்து எனக்கே குழி பறிக்கிறாளே இந்த விஜயகலா!

பக்கத்துத் தோட்டத்துச் சங்கமும் இப்படித்தான் ஆளுக்கொரு லேபிள் ஒட்டி உடைந்துபோனது. எட்டுப் பேர் சரக்கும் சேர்ந்தால்தான் டவுன் முதலாளியின் லொறி மேலே வரும். ரெண்டு போத்தல் அச்சாறுக்காக எவன் மலை ஏறுவான்? இன்றைக்கு லோகோ தனி என்பார்கள், நாளைக்குப் போன் நம்பரும் தனி என்பார்கள்.

ஆறு வருஷம் நாயாய் அலைந்து கட்டிய சங்கம். அவள் பேரில் இதுவரை ஒரு சொல் வந்ததில்லை. கடிதமோ ஆர்டரோ எது வந்தாலும் ஒளித்துவைக்கிற பழக்கமே கிடையாது. யாராவது ஒருத்தி கையில் கொடுத்து, "சத்தமா வாசி, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்பாள்.

இப்போதுதான் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. போன கிழமை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது சின்னம்மாவும் விஜயகலாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள். இவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"பிரிஞ்சு போறதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. இத யாரு சொல்லிக் குடுத்தது?"

"எல்லாரும் சேர்ந்துதாங்க சொன்னோம்" என்றாள் சின்னம்மா. அவள் தரையைத்தான் பார்த்தாள். மற்றவர்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருத்தி ரெண்டு பேர் இல்லை, ஏழு பேருமா?

"பக்கத்துக்குப் பக்கம் அவங்கவங்க பேரப் பெரிசா போட்டிருக்கேன்னு நீதானேடி சொன்ன? பேரு பத்தாதா? எதுக்குத் தனித்தனியா படம்?"

விஜயகலா சின்னம்மாவைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கத்துல ஆர்டர் வந்தாலும், அந்தப் பக்கத்துப் படத்தோட சங்கத்துப் போனுக்குத்தானுங்க வரும்" என்று சின்னம்மாதான் இழுத்தாள். "அத விடுங்க அக்கா."

"விடமாட்டேன்." புஷ்பம் இடுப்பிலிருந்த சங்கத்துச் சாவியை உருவிப் போனுக்குப் பக்கத்தில் போட்டாள். "சாவி, போன் எல்லாம் நீங்களே வச்சிக்கங்க. நான் போறதுக்கு முன்ன காரணத்தச் சொல்லு, விஜயகலா. சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

விஜயகலா சத்தமாகச் சொல்லவில்லை. எழுந்து வந்து, சாவியையும் போனையும் எடுத்துப் புஷ்பத்தின் கையிலேயே வைத்தாள். அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னாள்:

"எங்களுக்கு வாசிக்க வரும். அந்தப் படமெல்லாம் உங்களுக்குத்தான், அக்கா."