மேடம் கொடுத்த பாட்டில்

லிஃப்ட்டுக்கு நிற்கும் கூட்டத்தை விட்டுவிட்டு மேடம் நேரே வரவேற்பு மேசைக்கு வருகிறார். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குத் தலைகால் புரியவில்லை. போன வாரம் மேடத்தின் சென்ட் பெயரைக் கூச்சத்தோடு கேட்டவள் அவள்தான். கேட்ட கையோடு, நடைபாதைக் கடையில் அதே பெயரில் விற்கும் மலிவுப் போலியை வாங்கி, இன்று காதோரமும் கழுத்திலும் தாராளமாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். காலையில் அவள் அருகே குனிந்த மேடம் சட்டென்று மூச்சை இழுத்து நிறுத்தியதை அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். இப்போது மேடத்தின் கைப்பையிலிருந்து அசல் பாட்டில் வெளியே வருகிறது. முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியே விழும் மதிய வெயில் அதற்குள் தேனாக ஆடுகிறது. "இந்தா, நீயே வச்சுக்கோ" என்கிறார் மேடம். "ஐயோ, எனக்கெதுக்கு மேடம்?" என்று அவள் எழுந்து நிற்கிறாள். "இனிமே இது எனக்கு ஆகாதும்மா. போட்டுக்கிட்டா எம்மேலயே உன் வாசனை அடிக்குது." குரலில் கோபமே இல்லை. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. அவளுக்குக் காது சுடுகிறது. சூட்டில் அங்கே அடித்திருந்த போலி குப்பென்று கிளம்புகிறது. இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்கிறாள். லிஃப்ட் கதவு மூடுகிறபோது உள்ளேயிருந்து மேடத்தின் குரல் கேட்கிறது: "புதுசு வாங்கப்போறேன். பேரை மட்டும் யாரும் கேட்டுடாதீங்கப்பா!" சிரிப்பு ஒவ்வொரு மாடியாக மேலே ஏறுகிறது.