இடப்பக்கம் அவள்

ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் கழுவித் துடைத்த காரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்ளும் என்பது தெருவுக்கே தெரிந்த சேதி. துண்டை விரித்துப் போட்டு மெல்ல இழுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இழுத்தால் கோடு விழும், ஒற்றித்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் மனைவியின் கட்சி. வலப்பக்கம் அவர், இடப்பக்கம் அவள் என்று கல்யாணமான நாள் முதல் தீராத சண்டை. போன வருடம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று அவர் காரைக் கழுவி முடித்த நேரம், அவள் தம்பி காற்றடித்து ஈரத்தைக் காயவைக்கும் மெஷினோடு வந்து நின்றான்.

"ஒரு தண்ணிப் புள்ளி தெரிஞ்சாலும் துண்டையெல்லாம் தூக்கிப் போடணும் அத்தான். இனிமே மெஷின்தான்."

"முதல்ல உன் வயரைச் சிக்கெடு."

அவன் சிக்கெடுப்பதற்குள் அவர் வலப்பக்கத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் போனார். அது ஏற்கெனவே துடைத்துக் காய்ந்திருந்தது.

மச்சினன் குனிந்து குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

"வலது கதவுல ரெண்டு புள்ளி இருக்கு. ஆனா இந்தப் பக்கம் இருக்கிற சுத்தம், என் மெஷின் தலைகீழா நின்னாலும் வராது. துண்டு இருக்கட்டும். எப்படித் துடைச்சீங்க?"

"ஒற்றி எடுத்தது," என்றார் அவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "உங்க அக்கா கை வேற யாருக்கு வரும்?"

மிச்சம் கூரைதான். பெரிய துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை இடப்பக்கம் வீசினார். அது விழவில்லை. கூரைக்குச் சாண் உயரத்தில் விறைப்பாக நின்றது. பிறகு பக்குவமாக இறங்கி ஒற்றியது.

அவரும் முதல்முறையாக, இழுக்காமல் ஒற்றினார்.