நீலம் ஏறிய குழாய்

இன்னாசி தன் பைக்கை சின்னத் தூறலில்கூட வெளியே எடுக்கமாட்டான்; அவ்வளவு பளபளப்பாக வைத்திருப்பான். மனைவி லூர்துவைப் பாம்பு கடித்த அன்று, மயங்கியவளைத் தன் முதுகோடு சேலையால் கட்டிக்கொண்டு, அதே பைக்கை மலைப்பாதையில் முறுக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அவள் பிழைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள், அவன் வாசலில் பைக்கின் சைலன்சர் குழாயைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிபோல் மின்னும் குழாயின் வளைவில் மயில்கழுத்து நிறம் படர்ந்திருந்தது.

“இது எப்ப வந்துச்சு?” என்றாள் லூர்து.

“அன்னிக்குத்தான். எஞ்சின் சூட்டுல நிறம் மாறிருச்சு. தேச்சா போயிரும்.”

“அவ்வளவு வேகமாவா போனீங்க?”

“தெரியல. பாக்கல.”

அவள் கட்டுப்போட்ட காலை நீட்டி அருகில் உட்கார்ந்தாள். எஞ்சியிருந்த நீலத்தை விரலால் தடவினாள். பிறகு பாலிஷ் டப்பாவை மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.