செடிக்கு அரைமணி

காலை ஒன்பதானாலும் விடியாத அந்த வடகோடி வெளிநாட்டு ஊரில், பனிக்காலம் வந்ததிலிருந்து அமுதவல்லி போர்வையை விட்டு வெளியே வரவில்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் வெளிச்சமில்லாமல் பின்தங்கிவிட்டது, காலையில் எழுந்ததும் பிரகாசமான விளக்கின் முன் உட்கார வேண்டும் என்றார் டாக்டர். கணவர் இளவழகன் விளக்கு வாங்கிவந்தார்.

"எனக்கெதுக்குங்க? கறிவேப்பிலைதான் வாடுது, அதுக்கு வைங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் வாதாடவில்லை. தொட்டியை விளக்கின் முன் வைத்தார். மறுநாள் காலையில், "வல்லி, உன் செடி என்கிட்ட முறைச்சுக்கிட்டு நிக்குது. வந்து பாரேன்" என்றார்.

"செடி முறைக்குமாக்கும்!" போர்வையோடு எழுந்து வந்தவள், காய்ந்த இலைகளைக் கிள்ளத் தொடங்கினாள். அவர் சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்தினார். உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் வைக்கணுமாம்?"

"அரைமணி நேரம். செடிக்கு."

அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ செடிக்கு ஒரு காபி போட்டுக் கொண்டாங்க."