சரியான உதாரணம்

"லைட்டைப் போடறதுக்கு மட்டுமில்ல, சிரிச்சுப் பேசிட்டிருந்தவரே திடீர்னு நம்ம மேல பாய்ஞ்சா, அதுக்கும் இங்கிலீஷ்ல 'டர்ன் ஆன்'தான்," என்றார் டீச்சர் அசெல். "உதாரணம் சொல்லு, பெக்தூர்."

ஓஷ் நகரத்து உலர்பழக் கம்பெனியில், ஊழியர்களுக்கு மாலை ஆங்கில வகுப்பு. பெக்தூர் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"நம்ம முதலாளியச் சொல்லுடா! காலைல தோளைத் தட்டுவாரு, மத்தியானம் தோலை உரிப்பாரு," என்று பின்வரிசை ஊழியர்கள் கிசுகிசுத்தார்கள்.

அப்படியே உரக்கச் சொன்னான். வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

"நன்றிகெட்டவனே! சோறு போடறவரையா சொல்றே?" என்று கிசுகிசுத்த அதே வாய்கள் சீறின.

பெக்தூர் வேலை போயிற்றென்றே நினைத்தான். முதலாளியோ சிரித்தார். "அருமையான உதாரணம்! யாருக்குப்பா இவ்வளவு மூளை?"

"எங்களுக்குத்தான் ஐயா! இவனுக்கு ஏது? நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம்!"

"அப்படியா? நாளைலேருந்து நீங்க யாரும் வேலைக்கு வர வேணாம்."

பெக்தூர் மெல்லக் கையைத் தூக்கினான்.

"இப்ப நல்லாப் புரிஞ்சுது, டீச்சர்."